"படிப்பு ஏறல" என்று சொல்லாதீர்கள்! வாசிக்கத் திணறும் பிள்ளைக்குச் சட்டம் தரும் துணை



சென்ற இதழில் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதுவது எப்படி என்று பார்த்தோம். இந்த இதழில் நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசப் போகிறோம். நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பற்றி அல்ல. "மக்கு", "தத்தி", "மண்டையில ஏறல" என்று நாமே சொல்லிச் சொல்லி ஓரத்தில் உட்கார வைத்துவிட்ட பிள்ளையைப் பற்றி. குழுக் கூட்டத்தில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இதைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள்.

ஒரு வீட்டில் நடந்தது

நாகலாபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். வத்தல் பறிக்கிற காலம் என்பதால் குழுக் கூட்டம் இரவு எட்டு மணிக்குத்தான் கூடியது. சேமிப்புக் கணக்கு முடிந்த பிறகு ஓர் உறுப்பினர் சொன்னார்: "மேடம், எம் பயல பரீட்சை முடிஞ்சதும் நிப்பாட்டப் போறோம். ஏழாப்பு படிக்கான், எழுத்துக் கூட்டத் தெரியல. எங்க அண்ணன்கூட கரிமூட்டத்துக்கு அனுப்பிரலாம்னு இருக்கோம்."

அந்தப் பையனை எங்களுக்குத் தெரியும். வத்தல் மூடையைப் பார்த்தே இத்தனை கிலோ இருக்கும் என்று சொல்வான். கிலோ இன்ன விலை என்றால் மொத்தத் தொகையை வாயாலேயே கணக்குப் போடுவான். ஆனால் புத்தகத்தைக் கொடுத்தால் முகம் வாடிவிடும். 'பட்டம்' என்று இருந்தால் 'பாடம்' என்பான். முந்தின வரியில் வாசித்த அதே சொல்லை அடுத்த வரியில் புதிதாகப் பார்ப்பது போலப் பார்ப்பான்.

ஒரு உண்மையை இங்கே சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்பு அந்தப் பையன் நாலாம் வகுப்பில் இருந்தபோதே அவன் அம்மா எங்களிடம் இதைச் சொல்லியிருக்கிறார். "வீட்டுல டி.வி.யை நிப்பாட்டிட்டு உக்கார வச்சுப் படிக்க வைங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தோம். பட்டம் வாங்கிய எங்களுக்கே அன்று அது தெரியவில்லை. ஒரு பயிற்சிக்குப் போய்வந்த பிறகுதான், பையனிடம் சோம்பேறித்தனம் இல்லை, அம்மாவிடம் அக்கறைக் குறைவும் இல்லை என்று புரிந்தது.

இது என்ன குறைபாடு?

இதன் பெயர் டிஸ்லெக்சியா. தமிழில் வாசித்தல் குறைபாடு என்கிறார்கள். எழுதுவதில் மட்டும் திணறினால் டிஸ்கிராஃபியா, கணக்கில் திணறினால் டிஸ்கால்குலியா. இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சட்டத்தில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்று சொல்லியிருக்கிறார்கள்.

கண்ணால் பார்க்கிற எழுத்தை வாயில் வருகிற ஓசையோடு மூளை சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த இணைப்பு மெதுவாகவும் தடுமாற்றத்தோடும் நடக்கிறது. அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. பல வீடுகளில் இது பரம்பரையாக வருகிறது. அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ இருந்திருக்கலாம். கிரகணத்தாலோ, கண்ணேறாலோ, கர்ப்ப காலத்தில் தாய் செய்த தவறாலோ வருவதல்ல. இதற்கு மாத்திரை, டானிக், தாயத்து எதுவும் கிடையாது. கற்றுக்கொடுக்கும் முறையை மாற்றினால் பிள்ளை முன்னேறும். எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன்.

தமிழ் எழுத்தில் எங்கே தடுமாறும்?

நம் எழுத்துகள் 247. அதில் 216 உயிர்மெய். ஒரு எழுத்தோடு கொம்பு, கால், சுழி என்று சேர்ந்து ஓசை மாறுகிறது. 'கெ' என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் 'க'. சாதாரணப் பிள்ளைக்கு இது பழகிவிடும். இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் புதிர். 'கொக்கு' என்பதைக் 'கெக்கு' என்று வாசிக்கும். ப, ம, ய மாறும். த, ந மாறும். ல, ள, ழ எல்லோருக்குமே குழம்பும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

வயதுவாரியாகக் கவனிக்க வேண்டிய சில அடையாளங்கள்:

1. 3 முதல் 5 வயது: பேச்சு தாமதமாக வருவது. பாட்டு, கிழமைகளின் பெயர் வரிசையாக மனதில் நிற்காதது. 'பல், கல், சொல்' போன்று ஒரே மாதிரி முடிகிற ஓசை பிடிபடாதது.
2. 6 முதல் 8 வயது: நேற்றுப் படித்த எழுத்து இன்று மறந்துபோவது. எழுத்தைச் சேர்த்து வாசிக்க முடியாதது. படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்வது.
3. 9 வயதுக்கு மேல்: வாயால் கேட்டால் பதில் சொல்லும், எழுதச் சொன்னால் எழுதாது. கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். வாசிக்கச் சொல்லும் நாளில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகாது.

ஒன்றிரண்டு இருந்தால் பயப்பட வேண்டாம். பல அடையாளங்கள் சேர்ந்து, மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால் கவனியுங்கள்.

எல்லாத் திணறலும் இதுதானா?

இல்லை. முதலில் கண்ணும் காதும் சோதிக்க வேண்டும். தூரப் பார்வை மங்கலாக இருக்கிற பிள்ளைக்குக் கண்ணாடி போட்டாலே சரியாகிவிடலாம். களையெடுப்பு, பறிப்பு என்று வெளியூர் போகும் குடும்பத்துப் பிள்ளை பள்ளிக்குப் போகாத நாட்களால் பின்தங்கியிருக்கலாம். கொரோனாக் காலத்தில் பள்ளி மூடியிருந்தபோது ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு அடிப்படையே விடுபட்டிருக்கலாம். நம் கரிசல் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குடும்பங்கள் ஏராளம். அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போய்த்தான் தமிழே புழங்கத் தொடங்குகிறது. அதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

இவற்றில் எது காரணம் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது, டீச்சர் மட்டும் சொல்வதும் போதாது. சோதித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் காரணம் எதுவானாலும் உதவி கேட்கிற உரிமை இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

*முதலாவது: கல்வி உரிமைச் சட்டம், 2009.* 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. இதில் நமக்கு வேண்டிய மூன்று பிரிவுகள்:

- பிரிவு 17: பிள்ளையை அடிக்கக் கூடாது, மனம் நோகும்படி துன்புறுத்தவும் கூடாது. "எழுத்துத் தெரியாதவன் பெஞ்சு மேல ஏறு" என்று சொல்வதும் இதில் அடங்கும்.
- பிரிவு 24: ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் ஆசிரியர் கணித்து, தேவையானால் கூடுதலாகக் கற்றுத்தர வேண்டும். பெற்றோரைக் கூப்பிட்டுப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிச் சொல்ல வேண்டும். இதற்குச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை.
- பிரிவு 21: பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அங்கே போய்க் கேள்வி கேட்க நமக்கு இடம் இருக்கிறது.

*இரண்டாவது: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016.* 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. இதற்கு முன்பு இருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. கற்றல் குறைபாடு அதில் இல்லை. புதிய சட்டத்தில் 21 வகை. டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாடு பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது.

- பிரிவு 16: அரசு நடத்துகிற, உதவி பெறுகிற, அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து, அதற்கு ஏற்ற முறையில் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கண்டுபிடிப்பது பள்ளியின் கடமை. நாம் கெஞ்ச வேண்டியதில்லை.
- பிரிவு 17: பள்ளிப் பிள்ளைகளை 5 ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்தில் விலக்கு ஆகியவற்றுக்கு அரசு வழி செய்ய வேண்டும்.
- பிரிவு 31: 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. பிரிவு 32: அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் அவர்களுக்குக் குறையாமல் 5 சதவீத இடம்.

சட்டம் மத்திய அரசுடையது என்றாலும் பள்ளியில் நடத்திக் காட்ட வேண்டியது மாநில அரசு. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் டிஸ்லெக்சியா மாணவர்களுக்குத் தேவைக்கேற்ப ஒரு மொழிப்பாட விலக்கு, கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகிய சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்குகிறது. ஆனால் இது தானாக வீடு தேடி வராது. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

அக்காவுக்குத் தெரியாமல் போனது

மேலே சொன்ன பையனுக்கு ஓர் அக்கா உண்டு. அவளும் இப்படித்தான் என்று பின்னால் தெரிந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கிலும் அறிவியலிலும் தேறினாள், தமிழிலும் ஆங்கிலத்திலும் போய்விட்டது. இரண்டாவது தடவை எழுதப் பயந்து, தீப்பெட்டி ஒட்டப் போய்விட்டாள். அவள் படித்த வருடத்திலும் சட்டம் இருந்தது, சலுகையும் இருந்தது. பள்ளியில் ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. அவள் அம்மா எங்களிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "ஒரு மணி நேரம் சேத்துக் குடுத்திருந்தா எம் புள்ள பாஸாயிருக்குமா மேடம்?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி வேறு எந்தத் தாய்க்கும் வரக் கூடாது என்றுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

சான்று வாங்கும் வழி

1. வகுப்பு டீச்சரிடம் பேசுங்கள். 2022ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கிறார்கள். "என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான், எத்தனை மாதமாக அங்கேயே நிற்கிறான்?" என்று கேளுங்கள்.
2. தலைமையாசிரியரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். இன்னொரு பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.
3. வட்டார வள மையத்தில் (பி.ஆர்.சி.) சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளிக்கு வரும் நாளைக் கேட்டறியுங்கள். மருத்துவ முகாம் நடக்கும்போது பிள்ளையைக் கூட்டிப் போங்கள்.
4. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வருகிற பள்ளி சிறார் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். அவர்கள் மாவட்டத்தில் உள்ள பெரிய அரசு மருத்துவமனைக்குப் பரிந்துரைத்து அனுப்புவார்கள். நமக்குத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.
5. அங்கே கண், காது, அறிவுத்திறன், வாசிப்பு, எழுத்து எல்லாம் தனித்தனியாகச் சோதிப்பார்கள். ஒரே நாளில் முடியாது. வழக்கமாக 8 வயது முடிந்த பிறகே சான்று தருவார்கள். அதற்காக உதவியை 8 வயது வரை தள்ளிப்போட வேண்டாம். கூடுதல் பயிற்சிக்குச் சான்று தேவையில்லை என்று முன்பே பார்த்தோம்.
6. தனித்துவ அடையாள அட்டைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கேட்கலாம். ஆதார், போட்டோ, பள்ளிக் கடிதம் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரே பையில் வையுங்கள்.

அந்தப் பையனுக்குச் சான்று கிடைக்க ஏழு மாதம் ஆனது. மூன்று தடவை அம்மா கூலியை விட்டுவிட்டுப் போனார். இரண்டாவது தடவை போனபோது டாக்டர் லீவு. திரும்பி வந்து "இனிமே போக மாட்டேன்" என்றார். மூன்றாவது தடவை குழுவின் பிரதிநிதி கூடவே போனார். பஸ் செலவுக்குக் குழுவில் சங்கக் கடன் கொடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே முயற்சி தொடங்கினால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு நேரம் இருக்கும். பத்தாம் வகுப்பு பிப்ரவரியில் ஓடினால் ஒன்றும் நடக்காது.

"முத்திரை குத்திருவாங்களே?"

இந்தப் பயம் பலருக்கு உண்டு. பொம்பளப் பிள்ளை என்றால் நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்கிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் சான்று ஊரில் தண்டோரா போடுவதற்கு அல்ல. வீட்டிலும் பள்ளியிலும் தேர்வு அலுவலகத்திலும் இருந்தால் போதும். 'மக்கு' என்கிற முத்திரை ஏற்கெனவே குத்தியாயிற்று. சான்று அதைத்தான் அழிக்கிறது.

மற்ற இடங்களில் தாய்மார்கள்

இந்தச் சலுகை எதுவும் சும்மா வந்ததில்லை. சென்னையில் 1990களின் தொடக்கத்தில், பிள்ளைகளின் திணறலைப் பார்த்த பெற்றோர்கள் கூடித்தான் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கத்தைத் தொடங்கினார்கள். மகாராஷ்டிர அரசு 1996லேயே இந்தப் பிள்ளைகளுக்குத் தேர்வுச் சலுகை கொடுத்தது. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் 2011ல் சில பெற்றோர்கள் ஒன்றுகூடி, பள்ளிகள் டிஸ்லெக்சியாவைச் சீக்கிரம் கண்டறியச் சட்டம் வேண்டும் என்று கேட்டார்கள். அது மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. இன்று அங்கே பெரும்பாலான மாநிலங்களில் இதற்கென்று சட்டம் இருக்கிறது.

சட்டம் வந்த பிறகும் விழிப்பு வேண்டும். 2021ல் நீட் தேர்வு எழுதிய, எழுத்துக் குறைபாடு உள்ள ஒரு மாணவிக்குச் சேர வேண்டிய கூடுதல் ஒரு மணி நேரத்தைக் கொடுக்காமல் தேர்வு மையத்தில் தாளை வாங்கிவிட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். கூடுதல் நேரம் அவருடைய உரிமை, அதை மறுத்தது தவறு என்று அந்த ஆண்டு நவம்பரில் தீர்ப்பு வந்தது. மறுதேர்வு மட்டும் கிடைக்கவில்லை. அதனால் தேர்வுக்கு முன்பே அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்கி, மையத்தில் முதல் நாளே காட்டிவிட வேண்டும்.

வீட்டில் நாம் செய்ய முடிந்தது

நமக்கே எழுதப் படிக்கத் தெரியாதே என்று நினைக்க வேண்டாம்.

- தட்டில் மணலோ கேழ்வரகோ பரப்பி, விரலால் எழுத்தை எழுதி, கூடவே ஓசையைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு எழுத்து போதும்.
- சொல்லைக் கைதட்டிப் பிரித்துச் சொல்லும் விளையாட்டு: வத்-தல், மல்-லி, கம்-பு.
- கதை சொல்லுங்கள், விடுகதை போடுங்கள். காதால் கேட்டுப் படிப்பதும் படிப்புதான்.
- படித்த அக்காவோ அண்ணனோ பாடத்தை வாசித்துக் காட்டட்டும். பிள்ளை பதிலை வாயால் சொல்லட்டும்.
- தினமும் 15 நிமிடம். அதற்கு மேல் உட்கார வைத்தால் அழுகைதான் மிஞ்சும்.
- பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். கை ஓங்காதீர்கள்.

குழுவில் செய்ய வேண்டியது

கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்: "நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளை எதையும் 'படிப்பு வரல' என்று சோதித்துப் பார்க்காமல் பள்ளியை விட்டு நிறுத்துவதில்லை. சோதனைக்குப் போகும் தாயோடு குழுவில் ஒருவர் கூடப் போவோம்."

மாதிரி மனு:

*பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள். ஐயா/அம்மா, தங்கள் பள்ளியில் ... வகுப்பில் படிக்கும் என் மகன்/மகள் ... வாயால் கேட்டால் பதில் சொல்கிறான்/சொல்கிறாள். ஆனால் வாசிக்கவும் எழுதவும் மிகவும் சிரமப்படுகிறான்/சிரமப்படுகிறாள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16ன்படி கற்றல் குறைபாடு உள்ளதா என்று கண்டறியவும், கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 24ன்படி கூடுதல் பயிற்சி அளிக்கவும், சிறப்பாசிரியரின் சோதனைக்குப் பரிந்துரைக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, ... (நாள், கையெழுத்து)*

சந்தேகம் கேட்கப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கு போன் செய்யலாம். பிள்ளையை அடித்துத் துன்புறுத்தினால் 1098.

கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. நம் குழுவில் எத்தனை பிள்ளைகள் இடையில் நின்றார்கள்? ஏன் நின்றார்கள் என்று யாராவது சோதித்தார்களா?
2. நம் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் யார் இருக்கிறார்கள்? கடைசியாக என்ன கேட்டார்கள்?
3. இப்போது எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளை யார் வீட்டில் இருக்கிறது? அவர்களோடு இந்த மாதம் யார் பள்ளிக்குப் போவது?

அந்தப் பையன் கரிமூட்டத்துக்குப் போகவில்லை. இப்போது ஒன்பதாம் வகுப்பு. இன்னும் திக்கித் திணறித்தான் வாசிக்கிறான். ஆனால் பஸ் போர்டை வாசித்துவிடுகிறான். பரீட்சையில் நேரம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அவன் அக்கா இந்த வருடம் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதப் பணம் கட்டியிருக்கிறாள், சலுகை கேட்டு மனுவும் கொடுத்திருக்கிறாள். மனுவின் பிரதி குழு நோட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது.

அடுத்த இதழில் சந்திப்போம்.